வாசிக்காமல் வை

ஹாம்பர்க்கிலிருந்து வந்திருக்கிறார்.
ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல்
என் சமையலறையில் உட்கார்ந்து
ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கிறார்:
நானூறு பேர் வாழும் ஐஸ்லாந்துத் துறைமுகத்தில்
பதினொரு ஸ்பெரான்டி கிட்டார்கள் எப்படி?
இந்தப் பித்தை யார் தொடங்கிவைத்தது?

முதலில் காபியைக் குடியுங்கள். ஆறுகிறது.

அறுபத்தாறில் எங்கள் நடன மன்றம்
இத்தாலிக்கு எழுதிக் கேட்டது ஓர் அக்கார்டியன்.
பெட்டியைப் பிரித்தால் கிட்டார்.
அக்கார்டியன் செய்கிற கம்பெனிதான்,
மிச்சமிருந்த முத்துநிறத் தகட்டை
இதற்கும் போர்த்திவிட்டிருந்தார்கள்.
மீன்செதில் மாதிரி மினுங்கியது.
எங்களுக்கா மீன்செதில் புதிது?
திருப்பியனுப்பக் கப்பல்கூலி கட்டாதென்று
கணக்கர் ஸ்னைபியோர்ன்
பாதி விலைக்கு என் தலையில் கட்டினார்.

பத்தொன்பது வயது எனக்கு.
பகலெல்லாம் காட் மீன் கீறிய விரல்கள்;
உப்பு தின்ற நுனியால் எஃகுக் கம்பியை அழுத்தினால்
உயிர் போய்த் திரும்பும்.
என் வாசிப்பில் யாரும் மயங்கவில்லை,
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.
பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விடும்.

நான்கு பொத்தான்கள் அதற்கு.
ஒன்று கனத்த குரல், ஒன்று கூர்மை,
ஒன்று இரண்டும் கலந்தது.
நான்காவதை அழுத்தினால் பாட்டு செத்துவிடும்.
வெறும் இரைச்சல்,
காய்ந்த எண்ணெயில் ஈரமீனைப் போட்டதுபோல.

அந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் புயல்.
கரையின் வானொலிக் கம்பம் சாய்ந்துவிட்டது.
நான்கு படகுகள் வெளியே.
ஏதாவது செய்யவேண்டும் போலிருந்து
கிட்டாரை எடுத்தேன், பிடிக்கவில்லை,
நான்காவதில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

ஒலிபெருக்கியில் ஒரு மனிதன் பேசினான்:
மேல்தளத்தில் பனிக்கட்டி உடைக்கிறோம்,
ஐந்து பேரும் இருக்கிறோம்,
சம்மட்டி ஒன்று கடலோடு போயிற்று.
ரக்னெய்தூரின் புருஷன்.
அந்த மூக்கடைத்த குரலை ஊரே அறியும்.

காலுறையோடு ஓடினேன் பனியில்.

அரைமணியில் பதினேழு பெண்கள் இங்கே,
நீங்கள் இருக்கிற நாற்காலியில் மட்டும் மூன்று பேர்.
கம்பியைத் தொடவிடவில்லை என்னை.
கழுத்தை வடக்கே திருப்பு என்றாள் ஒருத்தி.
திருப்பினேன். இன்னொரு படகு கிடைத்தது.
அப்படியே பொழுது விடியும்வரை
(இங்கே அது காலை பத்துக்கு மேல்)
மடியில் வைத்துக் கடலைத் துழாவினேன்.

மூன்று படகுகள் பேசின.

அஸ்டிஸின் அண்ணன் போன படகு பேசவில்லை.
அதன்பின் தினமும் இருட்டியதும் வருவாள்,
கையுறையைக் கழற்றமாட்டாள்,
வாசிக்காமல் வை என்பாள்.
வைப்பேன்.
இருவரும் இரைச்சலைக் கேட்போம்.

ஏப்ரலில் அவள் கூலியை முழுதாக அனுப்பி
தனக்கென்று ஒரு ஸ்பெரான்டி வரவழைத்தாள்.
நன்றாகச் செய்த கருவி அது.
நான்காவது பொத்தானில் பூனைநடைச் சத்தம்கூட இல்லை.
ஒரு வாரம் அதைப் பேசவேயில்லை அவள்.
பிறகு, பணம் போட்டாயிற்றே என்றாள்,
அந்த மூன்று கார்டையும் காட்டு.

மற்றவர்களும் ஒவ்வொன்றாய் வாங்கினார்கள்.
ஒவ்வொருத்தியும் முதல் நாள்
நான்காவதை அழுத்திக் காதை வைத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
வேறு வழியில்லாமல் வாசிக்கக் கற்றார்கள்.
அஸ்டிஸ் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டாள்;
அவள் வாசித்தால் கிழட்டு மாலுமிகள்
கோப்பையைக் கீழே வைப்பார்கள்.

ஹாம்பர்க்காரர் மூடியைக் கழற்றி
டார்ச் அடித்துப் பார்க்கிறார்.
காப்புக் கம்பியைப் பற்றவைக்க மறந்திருக்கிறார்கள், அம்மா.
பத்து நிமிட வேலை.
செய்துவிடட்டுமா?

கையை எடுங்கள்.

மற்றப் பத்தும் நல்ல கிட்டார்கள்.
வாங்குவதாயிருந்தால்
அந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.